வாசலில் கிடந்த செருப்பு

தம்பி வீட்டுக்குள் வருவதற்கு முன் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பான். முதலில் என் கண்ணில் பட்டது அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வேலிப் படலையைச் சாத்தி, புத்தகப் பையோடு முற்றத்தில் நின்று படிக்குக் கீழே பார்ப்பான். அண்ணையின் நீலப் பட்டி ரப்பர் செருப்பு அங்கே இல்லாவிட்டால் ஒரே ஓட்டமாகக் குசினிக்கு வந்து "அக்கா, பசிக்குது" என்பான். இருந்தால் சத்தமில்லாமல் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், வெங்காயக் கொட்டிலுக்குள் குந்தியிருந்துவிட்டு, ஐயா தோட்டத்தில் இருந்து வந்த பிறகுதான் உள்ளே வருவான். அவனுக்கு அப்போது பதினொரு வயது. எனக்குப் பதினேழு. சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே அதைப் பார்ப்பேன்.

மகன், போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மா, பெரியவனை மாமி வீட்டிலை கொண்டுபோய் விட்டு மூண்டு மாசமாச்சு. இப்ப நல்லாக் கதைக்கிறான், ஒரு பிரச்சினையும் இல்லை. சின்னவளைக் கேட்டன், அண்ணா வரட்டும் எண்டுதான் சொல்லுறாள். கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டாய். நான் "யோசிச்சுச் சொல்லுறன் ராசா" என்று வைத்துவிட்டேன். என்னை உனக்குத் தெரியும். எதிரில் ஆள் இருந்தாலே எனக்கு வாய் வராது, தொலைபேசியில் இன்னும் மோசம். எழுதினால்தான் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியும். பெரியவன் சின்னவளைக் கதவுக்குப் பின்னால் வைத்து அடித்ததையும், தலையணையால் முகத்தை அமுக்கியதையும் நீ எனக்குச் சொன்ன அன்றிலிருந்து இந்தக் கடிதம் எனக்குள் கிடக்கிறது. உன் மனைவியும் இதை வாசிக்கட்டும். உன்னைப் போல் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நின்று தவிக்கிற வேறு யாருக்குக் கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. அதனால்தான் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை.

தம்பி என்று நான் எழுதுவது உன் சின்னமாமாவை. அண்ணை என்பது உன் பெரியமாமா. உன் கலியாணத்துக்கு இருவரும் வந்திருந்தார்கள், ஒரே வரிசையில் இருந்து சாப்பிட்டார்கள், படமும் எடுத்தார்கள். ஆனால் அன்று முழுக்கச் சின்னமாமா பெரியமாமாவுக்கு முதுகு காட்டி ஒரு தடவைகூட உட்காரவில்லை. நீ மாப்பிள்ளை, கவனித்திருக்க மாட்டாய். நான் கவனித்தேன். ஐம்பதை நெருங்கும் மனிதன், தன் பிள்ளைகளையும் வளர்த்துவிட்டவன், இன்னும் கதிரையைச் சுவரோடு இழுத்துப் போட்டுக்கொள்கிறான்.

நாங்கள் புத்தூரில் வெங்காயமும் புகையிலையும் வைத்துப் பிழைத்தவர்கள். அம்மாவுக்கு முட்டு வருத்தம், குளிர் காற்றடித்தால் மூச்சு எடுக்க ஏலாது. அதனால் எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தி அடுப்படியில் விட்டார்கள். அண்ணைக்குப் பத்தொன்பது வயது. சோதினை எழுத முடியாமல் நாட்டு நிலைமை குழம்பிக் கிடந்தது. வெளியே விட்டால் எங்கேயாவது போய்விடுவார் என்று ஐயா அவரைத் தோட்டத்திலேயே கட்டி வைத்த மாதிரி வைத்திருந்தார். சின்னப் பிழைக்கும் புகையிலை கட்டுகிற கயிற்றை எடுத்துவிடுவார். அண்ணை அழமாட்டார். கயிற்றை ஐயா திரும்ப மாட்டி வைத்துவிட்டுப் போனதும் தம்பியைத் தேடுவார். இதை எழுதுவது அண்ணையைக் காப்பாற்றுவதற்கு இல்லை, மகன். உன் பெரியவனுக்கும் உள்ளே ஏதோ ஒன்று இருக்கும், அதை நீ தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. ஆனால் அதைத் தேடி முடிக்கும்வரை சின்னவள் அடி வாங்கிக்கொண்டிருக்க முடியாது.

அடி, நுள்ளு, கையை முறுக்குவது, தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை அமுக்கிப் பிடிப்பது. அம்மா கண்டால் "டேய், விடடா அவனை" என்பார். ஐயா கண்டால் "மூத்தவன் கண்டிக்காமல் வேறை ஆர் கண்டிக்கிறது?" என்பார். அயலில் கேட்டால் பெடியள் சண்டை என்பார்கள். நான் வாய் திறக்காமல் வேறொன்று செய்தேன். அண்ணை கோபமாக இருக்கிற நாட்களில் அவருடைய செருப்பின் முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைப்பேன். தம்பி அதை ஒரே நாளில் விளங்கிக்கொண்டான். நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அவனைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். உண்மையில் நான் செய்தது, பயத்தோடு சீவிக்க அவனுக்கு வசதி பண்ணிக் கொடுத்தது. அடி குறைந்ததால் வீட்டில் யாரும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நீ சின்னவளின் அறைக் கதவில் மணி ஒன்று பூட்டியிருப்பதாகச் சொன்னாய். நல்லதுதான், கழற்றாதே. ஆனால் அந்த மணி அடித்தால் எழும்ப வேண்டியவர் யார்? நீ இரவு வேலைக்குப் போகிறாய், உன் மனைவி விடிய எழும்பி ஓடுகிறாள். மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு அந்தக் குழந்தை விழித்திருக்கும் என்றால் அது என் செருப்பு மாதிரித்தான்.

மாரி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் வெங்காயக் கொட்டிலுக்குள் இருந்து தம்பியின் சத்தம் கேட்டது. நான் ஓடியபோது அண்ணை எனக்கு எதிரே நனைந்தபடி நடந்து போனார். உள்ளே தம்பி இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் பார்த்தது. "அண்ணை முறுக்கினவர் அக்கா" என்று என்னிடம் சொன்னான். அடுத்த மூச்சிலேயே, "கிணத்துத் துலாவாலை விழுந்தனான் எண்டு சொல்லுங்கோ" என்றான். ஆஸ்பத்திரியில் அவனே அப்படித்தான் சொன்னான். ஐயாவும் தலையாட்டினார். பார்க்க வந்த சின்னம்மா, அம்மாவின் தங்கச்சி, அவனுடைய சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரியில் இருந்து நேராக அவனைத் தன்னுடைய மீசாலை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் முழுக்க எங்கள் வீடு அமைதியாக இருந்தது. உன் வீட்டில் இப்போது இருக்கிறதே, அந்த அமைதி. அண்ணை யாரையும் அடிக்கவில்லை. அடிக்கிறதுக்கு ஆள் இல்லை. அதை ஐயா திருந்தியது என்று எடுத்துக்கொண்டார். அம்மா ஒவ்வொரு நாளும் மூன்று பிள்ளைகளுக்கும் சோறு போட்டுவிட்டு ஒரு கோப்பைச் சோற்றைத் திரும்பப் பானைக்குள் கொட்டுவார். மறுவருடத் தை நெருங்கியபோது வெங்காயத்துக்கு இறைப்புத் தொடங்க வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் வராத காலம். தண்ணீர் மிசின் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. ஊர் முழுக்க மறுபடியும் துலாவுக்குத் திரும்பியிருந்தது. நீ துலாவைக் கண்டதில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே, இரண்டு மரக்கால்களுக்கு நடுவில் நீளமான மரம் ஒன்று குறுக்கே ஆடும். அதன் நுனியில் கொடி என்கிற கயிறு கட்டி வாளி தொங்கும். மரத்தின் மேல் ஆட்கள் ஏறி நின்று, கிணற்றுப் பக்கம் நடந்தால் வாளி இறங்கும், திரும்பி நடந்தால் ஏறும். கீழே ஒருவர் வாளியைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். மிதிக்கிற இருவரும் ஒரே கால் வைத்து நடக்க வேண்டும். ஒருவர் பிசகினால் மற்றவர் விழுவார். அதனால் எங்கள் ஊரில் பகைத்துக்கொண்டவர்களைச் சேர்ந்து மிதிக்க விடுவதில்லை. சேர்ந்து மிதித்தால் பகை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்வார்கள்.

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை ஐயா, அம்மா, அண்ணை, நான் எல்லோரும் மீசாலைக்குப் போனோம். "பொங்கலுக்குப் பெடியன் வீட்டிலை நிக்க வேணும். அப்பிடியே இனி எங்களோடை இருக்கட்டும்" என்றார் ஐயா.

"உங்கடை துலாவுக்கு ஆள் காணாதெண்டால் என்ரை மனுசனைக் கூட்டிக்கொண்டு போங்கோ அத்தான், சும்மா படுத்துத்தான் கிடக்குது" என்றார் சின்னம்மா. "பெடியனைக் கேளாதையுங்கோ."

"நீ உன்ரை வாயைக் கொண்டுபோய்ச் சந்தையிலை வில்."

"வித்தால் நல்ல விலை போகும். உங்கடையை ஆர் வாங்குவினம்?"

சித்தப்பா படுத்த இடத்தில் இருந்தே சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, அண்ணைக்கு முன்னால் நிறுத்தி, "வீட்டை வாறியோ ராசா?" என்று கேட்டார். தம்பி அண்ணையின் கால்களைப் பார்த்துக்கொண்டு "ஓம் ஐயா" என்றான். "கேட்டியே? அவனே ஓம் எண்டுறான்" என்று ஐயா சின்னம்மாவிடம் சொன்னார். நான் தண்ணீர் அள்ளப் பின்பக்கம் போனபோது சின்னம்மா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, நீங்கள் வாறியள் எண்டு சொன்ன நாளிலை இருந்து உவனுக்குச் சோறு இறங்கேல்லை. இரவிலை பாயை நனைக்கிறான். கொம்மாட்டைச் சொல்லு" என்றார். நான் அம்மாவிடம் சொன்னேன். "பழகினால் சரியாப் போகும்" என்றார் அம்மா. அவர் தம்பியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார், கையை எடுக்கவில்லை. ஒரு வருடமாகத் தடவாத தலை. அவரை எப்படிக் குறை சொல்வேன்?

சின்னவள் 'அண்ணா வரட்டும்' என்றாள் என்று நீ சொன்னபோது எனக்கு இந்த 'ஓம் ஐயா'தான் கேட்டது. எங்கே வைத்துக் கேட்டாய்? யார் பக்கத்தில் இருந்தார்கள்? நீ கேட்டபோது உன் முகம் எப்படி இருந்தது? பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். அவளைத் தனியாக வைத்து, வேறு வேலை செய்துகொண்டே, வேறு வேறு நாட்களில் கேள். வேண்டாம் என்றால் அப்பா கவலைப்படமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேள். அப்போதும் வாயை மட்டும் நம்பாதே. அவள் சாப்பிடுகிறாளா, நித்திரை கொள்கிறாளா, அண்ணன் பெயர் எடுத்தால் விளையாட்டை நிறுத்துகிறாளா என்று பார். நீங்கள் நால்வரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்ற ஆசை உனக்கும் உன் மனைவிக்கும் உரியது. அதை அந்தக் குழந்தையின் தோளில் ஏற்றாதே.

இருவரையும் சேர்க்கவே கூடாது என்று நான் சொல்கிறேன் என்று நினைக்காதே. பிற்பாடு நடந்ததையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு நீ ஆறுதல் அடைந்துவிடுவாய். அந்தப் பொங்கலுக்கு இரண்டு வருடம் கழித்து அண்ணை தனியாக மீசாலைக்குப் போனார். படலைக்கு வெளியிலேயே நின்று, சின்னம்மாவுக்கு முன்னால் தம்பியிடம், "கையை நான்தான் முறுக்கினனான். நீ விழேல்லை. தொட்டிக்குள்ளை அமுக்கினதும் நான்தான்" என்றார். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வா என்றும் கேட்கவில்லை. தம்பி "நான் வரேல்லை" என்றான். "சரியடா" என்று சொல்லிவிட்டு அண்ணை சைக்கிளைத் திருப்பினார். கோபப்படவில்லை. அந்த 'சரியடா'வைச் சின்னம்மா எனக்குச் சொன்னபோதுதான் இவர் மாறத் தொடங்கியிருக்கிறார் என்று நம்பினேன். அதற்குப் பிறகு சின்னம்மா கூடவே இருக்க, அண்ணை மாதம் ஒரு தடவை பகலில் வந்து போனார். உன் பெரியவன் தான் செய்ததைத் தன் வாயால் சொல்கிறானா, அல்லது 'அவள்தான் ஆத்திரப்படுத்தினாள்' என்கிறானா? இன்னும் கொஞ்ச நாள் பொறு என்று நீ சொன்னால் அவன் முகம் என்ன செய்கிறது? அவனோடு கதைத்து உதவி செய்கிற ஆலோசகர்களிடம் இதைக் கேள். அவனும் உன் பிள்ளை, ஒதுக்கிவிடாதே. ஒவ்வொரு நாளும் போய்ப் பார், கட்டிப்பிடி, உன் கையால் சோறு தீத்து. ஆனால் ஒரே வீட்டில் இருப்பது வேறு.

இனி அந்தத் துலா நாள். மீசாலையில் இருந்து தம்பியைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்போம் என்றுதான் கூட்டிவந்தோம். உடுப்பு ஒன்றும் எடுக்கவில்லை. "இண்டைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து மிதிக்கட்டும். ஒழுங்கா மிதிச்சால் சரி, எல்லாம் முடிஞ்சுது" என்று ஐயா அம்மாவிடம் சொன்னார். விடிய வெள்ளாப்பிலேயே தம்பியைத் துலாவில் முன்னாலும் அண்ணையைப் பின்னாலும் ஏற்றினார். ஐயா கீழே வாளியைப் பிடித்தார். அவருடைய கண் கிணற்றுக்குள். நான் பாத்திகளுக்குள் நின்று மண்வெட்டியால் தண்ணீர் மாறிவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும்தான் அவர்கள் இருவரும் முழுதாகத் தெரிந்தார்கள்.

பிசகில்லாமல் மிதித்தார்கள். வெளியாட்கள் பார்த்தால் சோடி பொருந்திய ஆட்கள் என்றுதான் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்து மூச்சு விட்டேன். பிறகுதான் தம்பியின் கழுத்தைக் கண்டேன். துலா மிதிக்கிறவர்கள் முன்னால் பார்த்து நடப்பார்கள். தம்பியின் முகம் தோளுக்கு மேலாகப் பாதி திரும்பியே இருந்தது. கிணற்றின் வாய்க்கு மேலே நடந்துகொண்டு, தன் காலைப் பார்க்காமல், பின்னால் வருகிற காலைப் பார்த்து நடந்தான். அந்தக் கால் எழும்பும் முன்பே இவனுடைய கால் எழும்பியது. செருப்பைப் பார்த்துப் பழகிய பிள்ளை. ஐயா அதை ஒற்றுமை என்று எடுத்துக்கொண்டார்.

வெயில் ஏறியபோது அண்ணை நடுவில் ஒரு எட்டு வைக்காமல் நின்றார். வழுக்கவில்லை, நின்றார். துலா ஒரு குலுக்குக் குலுக்கியது. தம்பி குந்தி மரத்தைக் கட்டிப்பிடித்தான். வாளி கிணற்றுச் சுவரில் அடித்துத் தண்ணீர் ஐயா மேல் கொட்டியது.

"என்னடா அங்கை?"

"ஒண்டுமில்லை ஐயா. உவன் மீசாலையிலை இருந்து நல்லாத் திண்டு கொழுத்துப் போனான், கால் நிக்குதில்லை" என்று அண்ணை சிரித்தார்.

"ஓம் ஐயா, நான்தான் வழுக்கினனான்" என்றான் தம்பி.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். "பாத்தியோ, ஒரு சத்தம் சண்டை இல்லை" என்றார் ஐயா அம்மாவிடம். "பிழை விட்டால் பிழை எண்டு ஒத்துக்கொள்ளுறான். இனி இவன் மீசாலைக்குப் போகத் தேவையில்லை. நாளைக்குப் போய் உடுப்பை எடுத்தாறன்." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தம்பி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், வாயில் வைக்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தான்.

"அண்ணை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "தம்பிக்குக் கை எப்பிடி முறிஞ்சது?"

"என்னடி?"

"கை எப்பிடி முறிஞ்சது எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

"உனக்கென்ன விசரே? துலாவாலை விழுந்தவன். அவனைக் கேள். சொல்லடா."

"நான்தான் அக்கா விழுந்தனான்" என்றான் தம்பி.

"பிள்ளை, வேண்டாம். இப்பதான் ஒரு மாதிரிச் சேர்ந்திருக்குதுகள்" என்றார் அம்மா.

"அண்டைக்கு மழை" என்றேன். "காலமை தொட்டு மழை. துலாவிலை ஒருத்தரும் ஏறேல்லை. கொடியைச் சுத்திக் கட்டி வைச்சது ஐயாதான்."

ஐயாவின் கை சோற்றுக் கோப்பையில் அப்படியே நின்றது. அவருக்கு அது நினைவு வந்ததை நான் கண்டேன். அண்ணை தலையை நிமிர்த்திப் பார்த்தார். சொன்னவள் நான். ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை, தம்பியை.

நான் எழும்பிக் கையைக் கழுவினேன். மாமரத்தில் சாத்தியிருந்த ஐயாவின் சைக்கிளை உருட்டி வாசலுக்குக் கொண்டுவந்தேன். "எங்கை போறாய்?" என்று ஐயா உள்ளே இருந்து கேட்டார். தம்பி படியில் வந்து நின்று கீழே கிடந்த செருப்புகளைப் பார்த்தான். நான் குனிந்து அவனுடையதை எடுத்து அவன் காலுக்கு முன்னால் வைத்தேன். அவன் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினான். நான் படலையைத் திறந்து, மீசாலைப் பக்கம் சைக்கிளை மிதித்தேன்.